முத்திரை வைத்த கிடங்கும் ஒரு குடை ஏலமும்

ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலிருந்து ஒரு மனிதனுக்கு அனுபவம் உண்டாகிவிடுகிறது. முந்தின நாள் மாலைவரை அவன் வெறும் உத்தியோகஸ்தன். தப்பும் தவறுமாகக் காலம் தள்ளியவன். கழுத்தில் மாலையைப் போட்டு, கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து அனுப்பியதும் அந்தத் தப்பும் தவறும் அனுபவம் என்று பெயர் மாற்றிக்கொள்கின்றன. அதைக் கேட்கவும் ஆள் வந்துவிடுகிறது.

என்னிடம் கேட்டவர் தாமோதரன். என் இடத்துக்கு வந்திருக்கும் இளைஞர். பிரிவு உபசாரம் முடிந்து, எண்ணூர் ரயிலடிவரை என்னோடு நடந்து வந்தார். மீனைப் பற்றிக் கேட்பார், உப்பைப் பற்றிக் கேட்பார் என்று பதில்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே நடந்தேன். அவர் கேட்டது வேறு. அவருக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. நடக்கிறது, சிரிக்கிறது; பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. மூளை வளர்ச்சி போதாது, இனி இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“சார், அந்தக் காலத்துல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு இங்கே என்ன ஏற்பாடு இருந்தது?” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “எங்களுக்கு அப்புறம்னு நினைச்சாத்தான்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“ஏற்பாடா? அப்படி ஒண்ணும் கிடையாதே” என்றேன். வண்டி வந்துவிட்டது.

ராயபுரம் வருவதற்குள் நான் சொன்னது சுத்தப் பொய் என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஏற்பாடு இருந்தது. அதற்கு ஒரு பெயர் இல்லாததால் சட்டென்று ஞாபகம் வரவில்லை. பெயரும் நம்பரும் இல்லாத எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பதற்குத்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன். ஆகவே தாமோதரனுக்கு நடைபாதையில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் உத்தியோகத்தைப் பற்றி. வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் மீன் இலாகாவில், மீனை உப்பிட்டுக் காயவைக்கும் யார்டுகளைப் பார்த்துக்கொண்டவன். யார்டு என்றால் கடற்கரையில் வேலி போட்ட ஒரு மைதானம். உள்ளே தொட்டிகள், ஓலைக் கொட்டகைகள், காயப்போடும் பாய்கள், ஓர் உப்புக் கிடங்கு. உப்புக்கு வரி இருந்த வெள்ளைக்காரன் காலத்தில், மீன் உப்பிடுகிறவர்களுக்கு மட்டும் சர்க்கார் வரியில்லாத உப்புக் கொடுத்தது. ஒரே நிபந்தனை: அந்த உப்பு மீனுக்குள் ஏறித்தான் வேலியைத் தாண்டலாம், தனியாகத் தாண்டக்கூடாது. இதைக் கண்காணிக்க, மீனில் நன்றாகப் பழகிய ஓர் ஆள் தேவைப்பட்டது. சர்க்கார் தீர ஆராய்ந்து, தலைமுறை தலைமுறையாக மீனைத் தொடாத ஒரு குடும்பத்தில் பிறந்த என்னைத் தேர்ந்தெடுத்தது.

பயிற்சி என்று சில மாதம். மூக்கைப் பொத்திக்கொண்டு மீன்களின் பெயர்களை உருப்போட்டேன். கடற்கரையைப் பற்றி அதுவரை நான் நிறையப் படித்திருந்தேன். படித்த எதிலும் வாசனை இருக்கவில்லை.

யுத்த காலத்தில் எண்ணூர் ஓடைக்குத் தெற்கே ஒரு குப்பத்து யார்டுக்கு வந்து சேர்ந்தேன். முதல் நாளே அஞ்சலை என்கிற அம்மாள் என் அறை வாசலில் நின்று, “இன்னா ஐயரே, மூக்கை மூடிக்கினு கீறே? மூச்சு எங்கேருந்து வுடுவே?” என்று விசாரித்தாள். நான் ஐயர் அல்ல. ஆனால் மீன் சாப்பிடாத எவனும் அந்தக் குப்பத்தில் ஐயர்தான். கொஞ்ச நாள் மறுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அங்கேதான் தேசப்பனைப் பார்த்தேன். தேசு என்பார்கள். இருபது தாண்டிய ஆள், நல்ல உயரம், கட்டுமரக்காரனுக்கு உண்டான தோள். ஆனால் கடலுக்குப் போகமாட்டான். அவனுக்குப் பேச்சு பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டால் எங்கேயாவது ஒளிந்துகொள்வான். மிரண்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். நெற்றி முழுதும் அதன் தழும்பு. உடம்புதான் வளர்ந்தது, மனசு நாலு வயதோடு நின்றுவிட்டது என்பார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நாலு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அவன் தாய் கன்னியம்மா கைம்பெண். காலையில் கரையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருவொற்றியூர்த் தெருக்களில் விற்றுவிட்டு, வெயில் சாயும்போதுதான் திரும்புவாள். அதுவரை தேசு யார்டில் இருப்பான். மீன் கீறி உப்பிடும் பெண்களில் ஒருத்தி ஒவ்வொரு நாளும் அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள். கன்னியம்மா வேலிக்கு வெளியே வந்து நின்று, “தேசு இன்னிக்கி யாராண்ட?” என்று கேட்பாள். உள்ளேயிருந்து, “என்னாண்டக் கீறான்!” என்று ஒரு குரல் வரும். ஏற்பாடு என்றால் அவ்வளவுதான்.

அந்தப் பெண்கள் தெய்வப் பிறவிகள் என்று யாரும் நினைக்க வேண்டாம். “நேத்தும் நானு, இன்னிக்கும் நானா? எங்கூட்டுல இன்னா ஆள் வெச்சிக்கினா கீறேன்?” என்று சண்டை நடக்கும். சண்டை போட்ட வாயோடு சோற்றைப் பிசைந்து அவன் வாயில் வைப்பாள். குப்பத்துப் பிள்ளைகள் அவன்மேல் மணலை வீசுவார்கள்; அதற்காக எந்தத் தாய் கைக்கு அகப்படுகிறார்களோ அவளிடம் உதை வாங்குவார்கள். அந்த யார்டில் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர், அவனும் நானும். எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அவனுக்குச் சோறு ஊட்டினார்கள். யாருடைய நிலைமை மேல் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு.

காலையில் மட்டும் அவனுக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. கட்டுமரங்கள் கரையேறியதும் மீனைக் குவித்து ஏலம் விடுவார்கள். ஏலம் கூறுகிறவர் துலுக்காணம் என்ற பெரியவர்; அலைச் சத்தத்தை அடக்கும் தொண்டை. விலை ஏறி நின்றதும், “ஒரு தரம்... ரெண்டு தரம்...” என்பார். அப்புறம் வாயை மூடிக்கொள்வார். கரை முழுதும் காத்திருக்கும். தேசு அலையைப் பார்ப்பான், காக்காயைப் பார்ப்பான், தன் கட்டைவிரலைப் பார்ப்பான். தனக்குத் தோன்றும்போது, “மூணு தரம்!” என்பான். ஏலம் முடிந்தது. எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். “ஒரு நாளு சொன்னான். மறுநாளும் சொன்னான். அப்பால நானு சொன்னா நல்லாவா கீது?” என்றார் துலுக்காணம்.

ராயபுரம் கல்மண்டபம் சந்தையிலிருந்து மீன் எடுக்க வந்த ஒரு வியாபாரிக்கு இது பொறுக்கவில்லை. “ஐஸ் கரையுதுய்யா! அந்தப் பைத்தியம் வாயைத் தொறக்கிற வரைக்கும் நான் நிக்கணுமா?” என்று கத்தினார். துலுக்காணம் நிதானமாக, “அவசரம்னா கல்மண்டபத்துலயே வாங்கிக்கோ மாமு. அங்க ஏலம் சீக்கிரம் முடிஞ்சிடும். மீனுதான் நேத்துப் புடிச்சதா இருக்கும்” என்றார். வியாபாரி நின்றார். தேசு அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

எல்லோரும் இதில் சந்தோஷமாக இருந்தார்கள் என்று சொல்லமுடியாது. கன்னியம்மாவின் தம்பி ஏகாம்பரத்துக்குச் சந்தோஷமில்லை. கெட்டவன் அல்ல. முந்தின மழைக்காலத்தில் தேசு ஓடையில் இறங்கி நடந்துகொண்டே போனபோது, மூழ்கப் போனவனை இழுத்துக் கரை சேர்த்தவன் அவன்தான். அன்று முதல் ஒரே பேச்சு: “காலுல கயித்தக் கட்டி வூட்டுல போடு அக்கா. இல்லாங்காட்டி ஆஸ்பத்திரில வுடு. இன்னொரு தபா என்னால ஓடையில முங்க முடியாது.” கடைசியில் கன்னியம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். “இன்னொரு தபா காணாம போனான்னா நீ சொல்றபடி கட்டிடலாம்” என்று.

இப்போது என் மேலதிகாரி வருகிறார். இன்ஸ்பெக்டர் வேதமாணிக்கம், தெற்கே திருநெல்வேலிச் சீமைக்காரர். எப்போது வருவார் என்று தெரியாது. வந்தால் கிடங்கு திறக்கும். பெரிய கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என் இடுப்பில், மற்றது அவர் இடுப்பில். இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும் என்பது சர்க்கார் எங்கள் இருவர்மேலும் வைத்திருந்த சமமான நம்பிக்கை.

அவர் கிடங்கைப் பூட்டுவதைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நாள் செலவுக்கான உப்பைக் கூடைகளில் வெளியே எடுத்துச் சின்ன அறையில் கொட்டுவோம். பிறகு பெரிய குவியலின் மேல்பரப்பைப் பலகையால் வழித்து, முகம்பார்க்கும் கண்ணாடிபோல் சமமாக்கச் சொல்வார். அதன்மேல் சாம்பலைத் தூவி, எழுத்து வெட்டிய ஒரு மரப்பலகையால் வரிசை வரிசையாக முத்திரை குத்துவார். யாராவது ஒரு பிடி எடுத்தாலும் எழுத்து கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் கதவு, இரண்டு பூட்டு, பூட்டைச் சுற்றித் துணி, துணிமேல் அரக்கு. அரக்கு உருக்கச் சொந்த மெழுகுவர்த்தி கொண்டுவருவார். சர்க்கார் மெழுகுவர்த்தியை அவர் நம்பியதில்லை. பித்தளை முத்திரையை அழுத்திவிட்டு, குழந்தைக்குப் பால் ஆற்றுவதுபோல் ஊதுவார். அதுவரை மூச்சுவிடக்கூட எனக்கு உத்தரவில்லை.

ஒருநாள் வந்தவுடன் மைதானத்தை ஒரு பார்வை பார்த்தார். உப்பிடும் உரிமை உள்ளவர்களுக்கெல்லாம் ஒரு தகர டிக்கெட் உண்டு. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார்கள். தேசுவின் கழுத்து காலி.

“ஓய், அது யாருவே?”

“கன்னியம்மா மகன் சார். கொஞ்சம்... விவரம் போதாது. ஒண்ணும் எடுக்கமாட்டான்.”

“எடுப்பான்னு நான் சொன்னேனா? ரூலு எடுக்குதவனுக்கு மட்டும் போட்டது இல்லவே. டிக்கெட் இல்லாத ஆளு வேலிக்குள்ள இருக்கப்படாது. வெளிய அனுப்பும்.”

வாட்ச்மேன் நாயுடு தேசுவைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு அவன் அஞ்சலையின் பொறுப்பு. அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மீன் கீறுபட்டிருக்கும். நான் உப்புக் கூடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிடங்கு திறந்தது, உப்பு வெளியே வந்தது, குவியல் கண்ணாடியாயிற்று, எழுத்து விழுந்தது, கதவு மூடியது, அரக்கு உறைந்தது. இன்ஸ்பெக்டர் ராத்திரி வண்டியைப் பிடிக்கச் சைக்கிளில் எண்ணூர் ரயிலடிக்குப் புறப்பட்டார். யார்டுக்காரர்கள் தேசு கரையில் இருப்பதாக நினைத்தார்கள். கரையில் இருந்தவர்கள், வழக்கம்போல் யார்டில் இருப்பதாக நினைத்தார்கள்.

வெயில் சாயக் கன்னியம்மா வந்து வேலிக்கு வெளியே நின்றாள். “தேசு யாராண்ட?”

அந்தக் கேள்விக்கு ஒருநாளும் பதில் வராமல் இருந்ததில்லை. அன்று வரவில்லை.

அவள் கூடையை இறக்கவில்லை. தலையில் வைத்தபடியே இன்னொரு தரம் கேட்டாள். அஞ்சலை கீறுகத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள். பிறகு குப்பமே எழுந்தது.

யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஒளிந்துகொள்வான் என்று தெரியும். சத்தமில்லாமல் அத்தனை பேர் தேடியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கவிழ்த்த கட்டுமரங்களுக்கு அடியில், வலைக் குவியல்களில், சவுக்குத் தோப்பில், ரயில் பாதை ஓரத்தில். ஏகாம்பரம் ஓடையில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய், நீளக் கழியால் சேற்றைக் குத்திக் குத்திப் பார்த்தான். அந்தக் கழி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கரையில் நின்ற கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நானும் தேடினேன். குடையைப் பிடித்துக்கொண்டு தேடியதால் அதிகம் பயனில்லை.

ஓடையிலிருந்து ஏகாம்பரம் வெறுங்கையோடு வந்தான். தோளில் ஈரக் கயிறு. அக்கா எதிரில் வந்து நின்றான். அவள்தான் சொன்னாள்: “கட்டுடா. கெடச்சா நானே காலைப் புடிச்சிக் குடுக்கிறேன். மொதல்ல கெடைக்கட்டும்.”

அப்போது துலுக்காணம் தொண்டையைக் கனைத்தார். “கூப்ட்டாத்தானே வரமாட்டான்? ஏலம் போடலாம்” என்றார்.

“இந்நேரத்துக்கு மீனு எங்க கீது நைனா?” என்றாள் அஞ்சலை.

துலுக்காணம் சுற்றும் முற்றும் பார்த்தார். என் குடையை வாங்கிக்கொண்டார். நான் கொடுத்தேன் என்று சொல்வது அவ்வளவு சரியாக இராது.

“ஐயரு கொடை! மான்கொம்புக் கைப்பிடி! ஓட்டை ரெண்டே ரெண்டு! கேளு, கேளு!”

கடற்கரை ஓரமாக நடந்துகொண்டே ஏலம் விட்டார். குப்பம் பின்னாலேயே போயிற்று. பொய் ஏலம் என்பது யாருடைய குரலிலும் தெரியவில்லை. தெரிந்தால் தேசு ஏமாறமாட்டான் என்பது அவர்கள் நினைப்பு. “காலணா!” என்றாள் ஒருத்தி. “காலணாவா? அந்தக் கொம்புல என் எருமையக் கட்டலாம், அரையணா!” என்றாள் இன்னொருத்தி. “மழை பெய்ஞ்சா உள்ளாரத்தான் ஜாஸ்தி நனையும். எம் மருமவளுக்குக் குடுக்கலாம், ஓரணா!” என்றாள் அஞ்சலை. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, விலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. “ஒரு தரம்... ரெண்டு தரம்...” என்று துலுக்காணம் நிறுத்துவார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அலைச் சத்தம். பிறகு கொஞ்சம் நடந்து மறுபடி முதலிலிருந்து.

கரை முடிந்தது. தோப்பு முடிந்தது. கடைசியாக யார்டுக்குள் வந்தார்கள். டிக்கெட் இல்லாதவர்கள் நூறு பேராவது உள்ளே வந்திருப்பார்கள். நான் ரூலை எடுத்துச் சொல்லவில்லை. மைதானத்தின் நடுவில் துலுக்காணம் நின்றார். தொண்டை கட்டிப்போய்விட்டது.

“அஞ்சல ஓரணா! ஒரு தரம்... ரெண்டு தரம்...”

காக்காய் கத்தியது. ஒருவரும் அசையவில்லை.

“மூணு தரம்!”

குரல் மண்ணுக்கு அடியிலிருந்து வந்ததுபோல் இருந்தது. எல்லோரும் ஒரே திசையில் திரும்பினோம். இரண்டு பூட்டு, துணி, அரக்கு, பித்தளை முத்திரை. உப்புக் கிடங்கு.

உப்பை வெளியே எடுக்கும் சந்தடியில் உள்ளே நுழைந்து, மூலையிலிருந்த கோணிகளுக்குப் பின்னால் படுத்துத் தூங்கியிருக்கிறான். விரட்டினால் ஒளிந்துகொள்வது அவன் வழக்கம். விரட்டியவர்களின் கிடங்கிலேயே ஒளிந்துகொண்டான்.

ஏகாம்பரம் கோடாலியோடு ஓடிவந்தான். கதவுக்கு முன்னால் நான் நின்றிருந்தேன். வீரத்தால் அல்ல, நகர மறந்துவிட்டேன். முத்திரையை உடைத்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. கன்னியம்மா என்னைத் தாண்டித் தம்பியின் கையைப் பிடித்தாள்.

“ஒடைக்காதே! அந்தச் சத்தத்துல மெரண்டு மண்டைய இட்ச்சிக்குவான். உள்ளார கருங்கல்லுச் சொவரு.”

உள்ளேயிருந்து லேசாக ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது. அவன் மிரளுவதற்கு முன்னால் வரும் சத்தம் அது என்று எல்லோருக்கும் தெரியும். நாயுடு சைக்கிளை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைத் தேடி ரயிலடிக்குப் பறந்தார். அவர் வரும்வரை?

“ஏலத்த நிறுத்தாதே நைனா” என்றாள் கன்னியம்மா. “ஏலம் நடந்தா பயப்படமாட்டான்.”

துலுக்காணம் கதவருகில் குந்திக்கொண்டார். விற்கப் பொருள் வேண்டுமே. என் அறைக்குள் ஆட்கள் புகுந்தார்கள். முதலில் என் நாற்காலி வந்தது. “சர்க்கார் நாக்காலி! ஐயரு தூங்கித் தூங்கிப் பளபளன்னு கீது! கேளு!” விலை ஏறியது. ஒரு தரம், ரெண்டு தரம். உள்ளேயிருந்து, கொஞ்சம் யோசனைக்குப் பிறகு, “மூணு தரம்!” முனகல் நின்றது. அடுத்து மேஜை. மைக்கூடு. தராசு. சுவரிலிருந்த காலண்டர். சக்ரவர்த்தியின் படத்துக்கு ஒருவரும் கேட்கவில்லை. அதை மரியாதையாகத் திரும்ப மாட்டிவிட்டார்கள். நான் வாசிக்கவென்று மேஜைக்குள் வைத்திருந்த நாவல் தேங்காய் மூடி ஒன்றுக்குப் போயிற்று. என்னிடம் இருந்த அரசாங்கம் முழுவதும் அந்தச் சாயங்காலம் விலைபோயிற்று. ஒவ்வொன்றுக்கும் உள்ளேயிருந்து சம்மதம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சம்மதத்துக்கும் கன்னியம்மா ஒரு மூச்சுவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்து சைக்கிளைவிட்டு இறங்கியபோது கண்ட காட்சி இது: வேலிக்குள் ஒரு குப்பம், தன் உதவியாளனின் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவன், தராசைக் கையில் பிடித்தபடி, விலை போதாது என்று வாதாடிக்கொண்டிருக்கும் உதவியாளன். எனக்கும் கொஞ்சம் ஆவேசம் வந்துவிட்டிருந்தது.

நாயுடு வழியிலேயே சொல்லியிருப்பார் போலும். கூட்டம் ஒதுங்கியது. இன்ஸ்பெக்டர் நேரே கதவண்டை போய் அரக்கைக் குனிந்து பார்த்தார். “முத்திரை சரியா இருக்கு” என்றார், என்னைப் பார்த்து. “இருக்கு சார்” என்றேன். சாவிகள் திரும்பின. கதவைத் தள்ளப் போனவர், நின்று துலுக்காணத்தைப் பார்த்தார்.

“நீங்க விடாதிய. சொல்லிக்கிட்டே இரிங்க” என்றார்.

“ஒரு தரம்...” என்றார் துலுக்காணம். கதவு மெல்லத் திறந்தது.

தேசு உப்புக் குவியலின் உச்சியில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முத்திரை எழுத்துகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. தலை, புருவம், காது எல்லாம் வெள்ளை. வெளிச்சத்தைப் பார்த்து, “மூணு தரம்” என்றான்.

கன்னியம்மா பாய்ந்தாள். இன்ஸ்பெக்டர் கையை நீட்டித் தடுத்தார். “இரும்மா. இது வரி கட்டாத உப்பு. ஒரு கல்லுகூட வெளிய போகப்படாது.” செருப்பைக் கழற்றிவிட்டுக் குவியலின்மேல் ஏறினார். தேசுவின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவன் தலைமயிரைக் கோதி உப்பைக் குவியலிலேயே தட்டினார். புருவம். காது மடல், காதின் பின்புறம். கழுத்து மடிப்பு. விரல் இடுக்கு ஒவ்வொன்றும். அரக்கை ஊதுகிறாற்போல் நெற்றித் தழும்புகளின்மேல் ஊதினார். தொட்டால் துள்ளுகிற தேசு கண்ணை மூடிக்கொண்டு காட்டிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டரின் மனம் இளகிற்றா என்று கேட்காதீர்கள். நான் அவரோடு இருந்த காலத்தில் இளகிப் பார்த்தது அரக்கு மட்டும்தான்.

பையனைத் தாய் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“டிக்கெட் இல்லாத ஆளு உள்ள இருக்கப்படாதுன்னு சொன்னேம்லா?”

“சொன்னீங்க சார்.”

“அப்ப டிக்கெட் குடும்.”

“என்ன வேலைன்னு போடறது சார்?”

“அவன் சொல்லாம ஏலம் முடியாதுன்னு நாயுடு சொல்லுதாரு. பெறவு அது வேலை இல்லாம என்னவே? உமக்கு அந்த மாதிரி ஒரு வேலை இருக்கா?” என்றார்.

இல்லை என்பதை ஒப்புக்கொண்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள், ஏகாம்பரத்தைத் தவிர. அவன் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தான். வாக்கு வாக்குத்தானே. கன்னியம்மா மகனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

“இன்னாடா பாக்குறே? காணாம போனாத்தானே கட்டணும்? எம் புள்ள எங்க காணாம போனான்? சர்க்காரு பூட்டுல, ரெண்டு சாவி போட்டு, அரக்கு வெச்சிப் பத்திரமாத்தானே கீறான்! காணாம போனது நாமதான். கட்றதுன்னா எல்லாரையும் கட்டு!”

ஏகாம்பரம் அக்காவைப் பார்த்தான், பூட்டைப் பார்த்தான், இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். சிரிக்கக்கூடாது என்று முயன்றது அவன் கழுத்து நரம்பில் தெரிந்தது. முடியவில்லை. அந்தக் கயிறு பிறகு யார்டுக் கிணற்று வாளிக்குப் பயன்பட்டது. மாற்றலாகிப் போகும்வரை அதில்தான் தண்ணீர் இறைத்துக் குடித்தேன்.

மேஜை, நாற்காலி எல்லாம் மறுநாள் திரும்பி வந்தன. குடை வரவில்லை. போய்க் கேட்டேன். “இன்னா ஐயரே, நாயம் பேசுறே? தேசு மூணு தரம் சொல்லிட்டான். நாக்காலி சர்க்காருது, குடுத்தோம். கொடை ஒன்னுதுதானே?” என்று அஞ்சலை ஓரணாவை என் கையில் வைத்துவிட்டு, வெயிலில் என் குடையை விரித்துக்கொண்டு போனாள்.

அப்புறம் பல ஊர்களுக்கு மாற்றலானேன். சுதந்திரம் வந்தது, உப்பு வரி போயிற்று, அரக்குக்கும் முத்திரைப் பலகைக்கும் வேலையில்லாமல் போயிற்று. உத்தியோகத்தின் கடைசிக் காலத்துக்கு அதே யார்டுக்குத் திரும்பி வந்தபோது கன்னியம்மா இல்லை. காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள். தேசு என்ன ஆனான் என்று கேட்கப் பயந்து, முதல் நாள் முழுதும் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பொழுது சாய, வேலிக்கு வெளியே ஏகாம்பரம் வந்து நின்றான். நரைத்துவிட்டான்.

“தேசு இன்னிக்கி யாராண்ட?” என்றான்.

“என்னாண்டக் கீறான்!” என்று உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. அஞ்சலையின் பேத்தி.

எழுந்துபோய்ப் பார்த்தேன். தகர டிக்கெட் யாருக்கும் தேவைப்படாத காலம் அது. தேசுவின் கழுத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

தாமோதரன் வழியனுப்ப வந்த அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். மாலை போட்டார்கள், வடை கொடுத்தார்கள். துலுக்காணத்துக்கு வயதாகிவிட்டது, இருவர் பிடித்துக்கொள்ள எழுந்து நின்று, என் தோளில் கையை வைத்தார்.

“ஐயரு! பழைய சரக்கு! மீனு துன்னாது, மூக்கு மட்டும் பெருசு! கேளு, கேளு!”

“காலணா!” என்று யாரோ கத்தினார்கள். நான் நினைத்ததைவிட விலை ஏறிற்று. அரை ரூபாயில் போய் நின்றது. கேட்டது அஞ்சலை, கையில் என் குடை.

“ஒரு தரம்... ரெண்டு தரம்...”

கரை முழுதும் காத்திருந்தது. தாமோதரன் என் காதருகில், “என்ன சார், எல்லாரும் எதுக்கு நிக்கறாங்க?” என்றார். “கொஞ்சம் இருங்க” என்றேன். தேசு என்னைப் பார்த்தான், காக்காயைப் பார்த்தான், தன் கட்டைவிரலைப் பார்த்தான். வாய் நிறைய வடை. மென்று முடித்தான். இன்னொரு வடையை எடுத்துக்கொண்டான். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. என் வண்டிக்கு நேரமாகிவிட்டது. நாங்கள் புறப்பட வேண்டியதாயிற்று. திரும்பிப் பார்த்தபோது துலுக்காணம் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

நாங்கள் இருந்தவரை அவன் மூணு தரம் சொல்லவில்லை. குப்பத்து வழக்கப்படி அந்த ஏலம் இன்னும் முடியவில்லை.

தாமோதரன், குழந்தையை ஒருநாள் காலையில் கரைக்கு அழைத்துப் போங்கள். நான் விலைபோய்விட்டேனா என்றும் அப்படியே பார்த்து எழுதுங்கள்.